தடவியதும் முளைத்ததும்

சேலம்
9 ஜூன் 2025

மைதிலிக்கு,

போன் செய்தால் உன் அப்பா எடுக்கிறார். "பாப்பா தூங்குதுங்க மாப்ள" என்கிறார். நான் கேட்பது பாப்பாவையா உன்னையா என்று அவருக்கும் தெரியும். உன் நம்பர் அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் காகிதம் எடுத்தேன். கல்யாணத்துக்கு முன்புகூட நான் உனக்குக் கடிதம் எழுதியதில்லை. கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கோபித்துக்கொண்டு எடப்பாடிக்குப் போனதற்கு முழுக் காரணமும் நான்தான் என்று என் அம்மாவே சொல்கிறார். சரி. உன் போட்டோவை நான்தான் கம்பெனிக்கு அனுப்பினேன். இவ்வளவு பெரிய போர்டாக ரோட்டோரத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. முடி சிகிச்சை சென்டர் எடுத்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ஆளையாவது 'முன்–பின்' காட்ட வேண்டும் என்றார்கள். நம் சென்டர் திறந்து சில மாதம்தான். காட்டும்படி முடி வந்த வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. உன் தலை ஒன்றுதான் இருந்தது. டிசம்பரில் குளியலறை வெளிச்சத்தில் எடுத்த படத்தில் உச்சியில் தோல் தெரிகிறது. மே மாதம் மொட்டை மாடியில் எடுத்ததில் பின்னல் கையளவு இருக்கிறது. முகம் இல்லையே, பின்னந்தலைதானே, யாருக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

உன்னிடம் கேட்டதாகத்தான் என் நினைவு. நீ பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய். "அனுப்பட்டுமா" என்றேன். "ம்" என்றாய். அந்த "ம்" எனக்குச் சொன்னதா பாப்பாவுக்குச் சொன்னதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கேட்காமல் செய்தேன் என்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஊரை ஏமாற்றுகிறேன் என்றாய் பார், அதுதான் பொறுக்கவில்லை. பாப்பா பிறந்த பிறகு உனக்குக் கொத்துக் கொத்தாகக் கொட்டியது உண்மை. பயிற்சிக்குப் போன இடத்தில் கொடுத்த சீரத்தைக் கொண்டுவந்து உன் தலையில் நான் தடவியது உண்மை. முடி வந்தது உண்மை. இதில் எது பொய்?

பாப்பாவின் சத்தம் இல்லாமல் வீட்டில் இருக்க முடியவில்லை. பதில் போடு.

சபரிநாதன்


எடப்பாடி
14 ஜூன் 2025

மாமாவுக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். தறிக் கொட்டகைச் சத்தத்தில்கூடத் தூங்குகிறாள். போனில் பேசினால் நீங்கள் பேசுவீர்கள், நான் "ம்" போடுவேன். அந்த "ம்" எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தாகிவிட்டது. அதனால் நானும் எழுதியே பேசுகிறேன்.

அந்தப் போர்டை நான் எப்படிப் பார்த்தேன் என்று உங்களுக்குச் சொல்லவே இல்லை. ராசிபுரத்தில் விசேஷம் என்று அப்பாவோடு காரில் போய்க்கொண்டிருந்தேன். கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் வண்டி நின்றது. அப்பா கண்ணாடி வழியாக மேலே பார்த்துவிட்டு, "பாரு கண்ணு, அந்தப் புள்ளைக்கும் உன்ற மாதிரியே கழுத்துல மச்சம்" என்றார். முகம் இல்லை என்கிறீர்கள். பெற்றவருக்கு முகம் எதற்கு? அடுத்த நொடி அப்பா திரும்பி என் கழுத்தைப் பார்த்தார். விசேஷ வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை.

நீங்கள் சொன்ன மூன்றும் உண்மைதான். கொட்டியது, தடவியது, வந்தது. ஆனால் அவற்றுக்கு நடுவில் 'அதனால்' என்ற சொல்லை யார் போட்டது? பாப்பாவுக்குத் தடுப்பூசி போடப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். "பிள்ளை பெத்தவங்க முக்கால்வாசிப் பேருக்குக் கொட்டும்மா. வருஷம் திரும்பறதுக்குள்ள தானா வந்துரும்" என்றார். "சீரம் போட்டேனுங்க" என்றேன். "போட்டாலும் வரும், போடாட்டியும் வரும்" என்று சிரித்தார். "அப்போ எனக்கு எதனால வந்துச்சுங்க" என்று கேட்டேன். "அதை இனிமே எப்படிக் கண்டுபிடிக்கிறது" என்று அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்.

இன்னொன்று. எங்கள் தெருக் கடைசி வீட்டுச் சந்தோஷ்குமாரைத் தெரியும் அல்லவா, போர் போடும் ரிக் வண்டியில் வேலை. வடக்கே மழை தொடங்கிவிட்டதால் வேலை நின்று ஊரில் இருக்கிறார். முப்பது வயது ஆகவில்லை, முன்னந்தலை முழுக்க ஏறிவிட்டது. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுகிறார்களாம். போர்டு விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது, நேற்று வாசலில் வந்து நின்றார். "அக்கா, அந்தப் போர்டுல நீங்கதானுங்களே. உண்மைய மட்டும் சொல்லுங்க. மருந்துனாலதான் வந்துச்சுங்களா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எழுதுங்கள். நீங்கள் சொல்லச் சொல்வதையே சொல்கிறேன்.

மைதிலி


சேலம்
21 ஜூன் 2025

மைதிலிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் திரிந்தேன். உனக்குப் பதில் எழுதுவதற்காகவே விசாரிக்க ஆரம்பித்தேன். விசாரித்ததில் முன்பைவிடக் குழம்பிப்போனேன்.

நாமக்கல்லில் கோழிப் பண்ணைகளுக்கு மருந்து விற்றுக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு இந்தச் சிக்கலே இல்லை. மருந்து வேலை செய்யாவிட்டால் அடுத்த வாரமே முட்டை குறைந்துவிடும். பண்ணைக்காரர் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துப் பேசுவார். இங்கே தலை எதையும் சொல்வதில்லை. வந்தால் மருந்து, வராவிட்டால் "ஒழுங்கா தடவலை, டென்ஷன், தண்ணி சரியில்லை." ஆறு மாதம் பார்க்கச் சொல்கிறோம். ஆறு மாதம் ஆனால் இன்னும் ஆறு மாதம்.

ஏரியா மேனேஜர் போன வாரம் வந்தார். கேட்டேவிட்டேன்.

"சார், நம்ம சீரத்தை டெஸ்ட் பண்ணியிருக்காங்களா?"

"தோலுக்குக் கெடுதல் இல்லைன்னு எல்லா டெஸ்ட்டும் இருக்கு சபரி."

"முடி வருதுன்னு?"

"அதுக்குத்தானே உங்க வீட்டு போட்டோ."

கிண்டலாகச் சொல்லவில்லை. பதிலாகத்தான் சொன்னார். சுவரில் ஒட்டியிருந்த உன் பின்னந்தலையை நான் பார்த்தேன். நான் அவர்களை நம்பி உனக்குத் தடவினேன். அவர்கள் உன்னைக் காட்டி என்னை நம்பவைக்கிறார்கள்.

மறுநாள் சென்டரில் வேலை செய்யும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க முருகானந்தம் என்று ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது, சீரத்தை எத்தனை சொட்டு விடுவது என்று மதியம் வரை சொல்லிக்கொடுத்தார். ரொம்பப் படித்தவர் மாதிரி தெரிந்தது. மெஸ்ஸுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனேன். அங்கேதான் சொன்னார். கோயம்புத்தூரில் இவரும் நண்பர்கள் இருவரும் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்தார்களாம். முடியின் வேர் பெரும்பாலும் சாவதில்லை, தூங்கிவிடுகிறது, அதை எழுப்ப வேண்டும் என்பதுதான் அவர் வேலை. அதற்கு ஒரு ஊசி. சில தடவை போட்டால் போதும், அப்புறம் தினமும் எதையும் தடவ வேண்டியதில்லை. எலிக்கு முடி வந்தது. அனுமதி வாங்கிச் சில மனிதர்களுக்கும் போட்டுப் பார்த்தார்கள். சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. அடுத்த கட்டச் சோதனைக்கு வசதி இல்லாமல் இருந்தபோது நம் கம்பெனி வந்து கூடத்தையே வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் அடுத்த கட்டம் வரவே இல்லை.

"ஏனுங்க, ஊசி வேலை செய்யலைங்களா?" என்றேன்.

"செய்யுமுன்னு நான் சொல்ல மாட்டனுங்க. செய்யாதுன்னு அவங்களும் சொல்லல. பாக்கவே உடல."

"ஏனுங்க?"

"மாசாமாசம் வார ஆளு நாலு ஊசியில நின்னுட்டா இந்தக் கடைக்கெல்லாம் யாருங்க வருவா?"

ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

மேனேஜருக்குப் போன் போட்டு இதையும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "முருகானந்தம் சார் நல்ல மனுஷன். அந்த ஊசி அவருக்குப் பிள்ளை மாதிரி. ரிசல்ட் சுமார்தான் சபரி. பத்து வருஷம் டெஸ்ட் பண்ணி அது தோத்துப்போனா யார் பொறுப்பு? அந்தக் காசுல நாற்பது ஊர்ல சென்டர் திறக்கலாம். உங்களுக்கு அப்படித்தானே ஒண்ணு கிடைச்சுது."

அவர் பேசும்போது அவர் சொல்வது சரியாக இருக்கிறது. முருகானந்தம் பேசும்போது அவர் சொல்வது சரியாக இருக்கிறது. சந்தோஷ்குமாரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை மைதிலி.

சபரி


எடப்பாடி
27 ஜூன் 2025

மாமாவுக்கு,

"எனக்குத் தெரியவில்லை" என்று நீங்கள் எழுதியிருந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணமாகி இத்தனை நாளில் உங்கள் வாயிலிருந்து அது வந்ததில்லை. கோபம் கொஞ்சம் குறைந்தது. குழப்பம் அதிகமாகிவிட்டது.

நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று தெரிந்தால் நான் ஒழுங்காகச் சண்டை போடுவேன். அம்மா அப்பா இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுவார்கள், ஒரு முடிவு வரும். பொய்யா என்றே தெரியாத ஒன்றுக்கு எப்படிச் சண்டை போடுவது? அம்மாவிடம் விளக்க முயன்றேன். "முடி வந்துச்சா இல்லையா? வந்துச்சுல்ல. அப்புறம் எதுக்குடி பொறந்த ஊட்ல உக்காந்திருக்கற?" என்றார். அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். "மருந்துன்னா குணமாகோணும், இல்லீன்னா உடோணும். ரெண்டும் இல்லாம ஆயுசுக்கும் வாங்கீட்டே இருக்கறதுக்குப் பேரு மருந்துங்களா?" அப்படிச் சொன்னவர் சர்க்கரை மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சில மருந்துகள் ஆயுள் முழுக்கத்தான், அது ஏமாற்று இல்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. யார் பக்கம் பேசுகிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை.

முருகானந்தம் பற்றித்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவர் சொல்வதை நம்பினால் கம்பெனி ஒரு நல்ல மருந்தைப் பூட்டி வைத்திருக்கிறது. மேனேஜரை நம்பினால் அவர் தோற்றுப்போன ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு பேருமே உண்மை சொல்லியிருந்தால்? அது ஒருவேளை வேலை செய்யும், ஒருவேளை செய்யாது. ஆனால் அது வேலை செய்தால் நஷ்டப்படப் போகிறவர்கள் கையில்தான் அதைப் பார்க்கும் பொறுப்பும் இருக்கிறது. அந்த நஷ்டத்தில் நம் சென்டரும் உண்டு, பாப்பாவின் பால் பவுடரும் உண்டு.

சந்தோஷ்குமார் மறுபடியும் வந்தார். இந்த முறை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது, நீங்கள் எழுதியது எல்லாம். "எனக்குத் தெரியலைங்க தம்பி, சத்தியமா தெரியல" என்றேன். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "புரியுதுங்க்கா. உங்களுக்கு வந்துருச்சு. அடுத்தவனுக்கு வாரது உங்களுக்குப் பிடிக்கல" என்று எழுந்து போய்விட்டார்.

உண்மையைச் சொன்னதற்கு இப்படி ஒரு பேர்.

மைதிலி

பாப்பா எழுந்து நிற்கிறாள். பிடித்துக்கொண்டுதான்.


சேலம்
8 ஜூலை 2025

மைதிலிக்கு,

பாப்பா எழுந்து நிற்பதை நான் கடிதத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. சரி.

உன் சந்தோஷ்குமார் வியாழக்கிழமை நம் சென்டருக்கே வந்துவிட்டார். வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை. ஆறு மாதப் பேக்கேஜ் வேண்டும் என்றார். உள்ளறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

"வேண்டாமுங்க தம்பி. எங்கிட்டயே ஆதாரம் கிடையாது. அக்கா சொன்னது நெசம்."

"அப்பறம் எதுக்குங்க கடை வச்சிருக்கீங்க?"

நான் மேசையிலிருந்த பாட்டில்களை ஒதுக்கி வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"மாமா, நான் சத்தீஸ்கர்ல வெயில்ல நின்னு போர் போட்டவன். நூத்துக்கணக்குல குழி போட்டிருக்கறம். தண்ணி வருமான்னு எவனுக்குங்க தெரியும்? வருமுன்னு சொல்லித்தான் போடறம். வராத ஊட்டுக்காரன் எங்கள அடிச்சதில்ல. போட்டுப் பாத்தேன்னு ஒரு நிம்மதி அவனுக்கு. எனக்கும் அதக் குடுங்க."

நான் கொடுக்கவில்லை. எழுந்து போனவர் வெளியே மேசையில் இருந்த பெண்ணிடம் பணம் கட்டிப் பேக்கேஜில் சேர்ந்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அது மாலையில்தான் தெரிந்தது.

சனிக்கிழமை மாதாமாதம் சிகிச்சைக்கு வருகிறவர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். அன்று காலை சுவரிலிருந்த உன் படத்தைக் கழற்றியிருந்தேன். கழற்றிய இடம் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். என்ன தோன்றியதோ, எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "அந்தப் படத்துல இருந்தது என்ற சம்சாரம். குழந்தை பிறந்து கொட்டின முடி தானாவே வந்திருக்கலாம். சீரத்தாலயும் வந்திருக்கலாம். எதுன்னு யாரும் பாக்கல. இத வச்சு நீங்க முடிவு பண்ண வேண்டாம். நிறுத்தறவங்க நிறுத்திக்கலாம்."

ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. ஒருவர் மட்டும் ஏ.சி.யைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

ஆத்தூரிலிருந்து சரிதா என்று ஒரு பெண் வருகிறார். அரிசி ஆலை ஒன்றில் கணக்கு வேலை. எல்லாரும் போன பிறகு நின்றார். "சார், எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? சேந்த நாள்லேர்ந்து எனக்கு ஒண்ணும் வரல, கண்ணாடி பொய் சொல்லாது. வீட்ல முடியைப் பத்தி வாயெடுத்தா உடனே பேச்சை மாத்திடுறாங்க. இங்க வந்தாதான் ஒருத்தர் பக்கத்துல உக்காந்து என் தலைய அருவருப்பு இல்லாம தொட்டுப் பாக்குறாங்க. அதையும் நிறுத்திட்டா நான் எங்க போறது?" கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

நான் அவர்களைக் காப்பாற்றினேனா, இருந்த ஒன்றையும் பிடுங்கினேனா என்று தெரியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனிக்கு விஷயம் போய்விட்டது. போர்டை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் சம்மதம் இல்லாமல் போட்டது என்று எழுதியதும்தான் அசைந்தார்கள்.

சபரி


எடப்பாடி
12 ஜூலை 2025

மாமாவுக்கு,

போர்டை எடுத்துவிட்டார்கள் என்று அப்பா வந்து சொன்னார். இப்போது அங்கே பட்டுச் சேலை விளம்பரமாம். அப்பா அன்று இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார்.

நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டீர்கள். அதனால் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் இங்கே வரும்போது அவசரத்தில் பாப்பாவின் சட்டைகளைக்கூட ஒழுங்காக எடுக்கவில்லை. ஆனால் சீரம் பாட்டிலை எடுத்து வந்திருக்கிறேன். உங்களைத் திட்டிவிட்டு வந்த அன்று மாலையும் தடவினேன். உங்களுக்கு முதல் கடிதம் எழுதிய அன்றும் தடவினேன். டாக்டரம்மா சிரித்த அன்றும்.

நிறுத்தினால் வந்ததும் போய்விடும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே. அந்தக் குளியலறைத் தரையை நீங்கள் பெருக்கியதில்லை, நான்தான் பெருக்கினேன். மறுபடியும் அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சந்தோஷ்குமாரிடம் தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து பீரோவைத் திறந்தேன். அவர் சொன்னதில் தப்பில்லையோ என்று அப்போது தோன்றியது.

பாட்டில் தீரப்போகிறது. என்ன செய்யட்டும்? விற்கிறவர் நீங்கள். சொல்லுங்கள்.

மைதிலி


சேலம்
19 ஜூலை 2025

மைதிலிக்கு,

நிறுத்து என்று எழுதிக் கிழித்தேன். தொடர்ந்து போடு, பாட்டில் அனுப்புகிறேன் என்று எழுதி அதையும் கிழித்தேன். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொண்டிருந்த பதில் உனக்கு என்று வரும்போது வாயில் வரவில்லை. நீ நிறுத்தி, கொட்டிப்போய்விட்டால் உன் முன்னால் நான் எப்படி நிற்பது? நிறுத்தி, கொட்டாவிட்டால் இத்தனை பேரிடம் நான் என்ன விற்றேன்? எப்படிப் பார்த்தாலும் எனக்கு ஒளிய இடம் இல்லை. அதனால் நீ எது செய்தாலும் சரி என்று எழுதுகிறேன். இது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

சென்டர் இனி நம்முடையது இல்லை. நான் பேசியது ஒப்பந்தத்துக்கு விரோதமாம். அதே தெருவில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளர்களும் அப்படியே அங்கே போய்விட்டார்கள், சரிதாவும் சந்தோஷ்குமாரும் உட்பட. சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். பசிதான் எடுத்தது.

முருகானந்தத்துக்குப் போன் செய்தேன். ஏதாவது கல்லூரியில் இடம் கேட்டு அந்த வேலையைத் திரும்பத் தொடங்கக் கூடாதா என்றேன். "கேட்டனுங்க. ரெண்டு இடத்துல வாங்கன்னே சொன்னாங்க. ஆனா உரிமையெல்லாம் கம்பெனி பேர்லங்க. நான் கண்டுபிடிச்சதை நானே தொட முடியாது. தொட்டா கேஸு" என்றார். "அவங்களும் தொடாம உங்களையும் தொட உடாம எதுக்குங்க வச்சிருக்கறாங்க?" என்றேன். "வேற யாரும் தொட்டுறக் கூடாதுன்னுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அடுத்த வாரம் ஈரோட்டில் பயிற்சி வகுப்பு இருக்கிறதாம்.

நாமக்கல்லில் பழைய கோழித் தீவனக் கம்பெனியில் பேசியிருக்கிறேன். வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சபரி


எடப்பாடி
16 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. உங்கள் கடிதம் வந்த அன்றே பாட்டிலைத் தூக்கிப் போட்டேன். தைரியத்தால் இல்லை. சொல்ல வாய் வரவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் இனி இதில் யாரையும் கேட்டுப் பயனில்லை என்று தோன்றியது.

அதன் பிறகுதான் பைத்தியம் பிடித்ததுபோல ஆகிவிட்டது. சீப்பில் வரும் முடியை வெள்ளைத் துணியில் போட்டுப் பார்ப்பேன். இது எல்லாருக்கும் உதிர்வதா, நிறுத்தியதால் உதிர்வதா? ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு. அம்மாவைத் தலையைப் பார்க்கச் சொன்னால், "அப்படியேதான் இருக்குது" என்கிறார். அடுத்த வாரமே, "கொஞ்சம் எளைச்சாப்ல இருக்குதோ" என்கிறார். சமைக்கும்போதும் பாப்பாவைக் குளிக்க வைக்கும்போதும் இதே நினைப்பு. பாப்பா என் முடியைப் பிடித்து இழுத்தால் முன்பு சிரிப்பேன். இப்போது கையைத் தட்டிவிட்டேன். அவள் அழவில்லை, என்னை வினோதமாகப் பார்த்தாள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

பாப்பாவுக்கு முதல் மொட்டை ஆவணியில் போட வேண்டும் என்று உங்கள் அம்மாவும் என் அப்பாவும் பேசி நாள் குறித்திருக்கிறார்கள். உங்கள் குலதெய்வக் கோயிலில்தான். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் மடிக்கு யார் என்று பேச்சு வந்தது. சந்தோஷ்குமார், "நான் உக்கார்றனுங்க்கா" என்று தானே வந்தார். என்மேல் கோபம் போய்விட்டது போலிருக்கிறது. முன்னந்தலையைக் காட்டி, "வந்திருக்குதுங்களா?" என்றார். உற்றுப் பார்த்தேன். பூனை முடிபோல் இரண்டு மூன்று. முன்பும் அவை இருந்தனவா என்று தெரியவில்லை. "வெயில்ல சரியாத் தெரியல தம்பி" என்றேன்.

நீங்கள் நேராகக் கோயிலுக்கு வந்துவிடுங்கள். பேச்சு எதுவும் அங்கே வேண்டாம். வந்தால் போதும்.

மைதிலி


நாமக்கல்
7 செப்டம்பர் 2025

மைதிலிக்கு,

கோயிலிலிருந்து நீ உன் அப்பா வண்டியில் ஏறிய பிறகு நான் மரத்தடியில் நெடுநேரம் நின்றேன். பேச வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் பேசவில்லை. எழுதக்கூடாது என்று சொல்லவில்லையே.

பாப்பாவுக்கு முடித்துச் சந்தனம் பூசி எடுத்ததும், மொட்டை போடுபவர் கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போனார். நீ பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு அந்த மனையில் போய் உட்கார்ந்தாய். "எனக்குமுங்க" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். உன் அம்மா, "என்னடி வேண்டுதல், எங்கிட்டச் சொல்லவே இல்ல" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். தண்ணீர் ஊற்றியதும் முடி எல்லாம் ஒட்டி, தலை எவ்வளவு சிறியதாகத் தெரிந்தது.

ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சாமிக்கா? என்மேல் உள்ள கோபமா? அந்தச் சீப்பும் வெள்ளைத் துணியும் இனி வேண்டாம் என்றா? கீழே விழுந்ததை அவர் கூட்டி அள்ளுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா உன்னை அடையாளம் தெரியாமல் என் தோளில் முகத்தைப் புதைத்தாள். அப்புறம் உன் குரல் கேட்டுத் திரும்பித் தாவினாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் இன்னொன்று உறைத்தது. நிறுத்தினால் கொட்டுமா என்பது இனி நமக்குத் தெரியவே போவதில்லை. அதற்காக ஒரு கணம் வருத்தப்பட்டேன். அதை உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

இங்கே மோகனூர் ரோட்டில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். சின்னதுதான். தண்ணீர் நன்றாக வருகிறது. நீ வராவிட்டாலும் வாடகைக்கு எடுத்துவிடுவேன். வந்தால் நன்றாக இருக்கும்.

சபரி


எடப்பாடி
2 அக்டோபர் 2025

மாமாவுக்கு,

ஏன் என்று எனக்கும் தெரியாது. வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்த எண்ணமே இல்லை. பாப்பா தலையில் சந்தனத்தைப் பார்த்ததும் குளிர்ச்சியாக இருக்குமே என்று தோன்றியது. அவ்வளவுதான். அம்மாவுக்கு வேண்டுதல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

சந்தோஷ்குமாருக்குச் சங்ககிரியில் பெண் அமைந்துவிட்டது. சீரத்தால்தான் என்று தெருவெல்லாம் சொல்கிறார். நிச்சயத்தன்று அந்தப் பெண்ணிடம் ரகசியமாகக் கேட்டேன். "அவரு வந்தப்ப தொப்பி போட்டிருந்தாருங்க்கா. நான் தலையையே பாக்கல" என்றாள். அதை அவரிடம் நான் சொல்லப்போவதில்லை.

உங்களைப் பார்த்ததும் என்ன பேசுவேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எதுவும் தோன்றவில்லை. போட்டோவைப் பற்றிக் கேட்பேனா, மறந்துவிடுவேனா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் பெட்டி கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பாப்பாவுக்கும் எனக்கும் ஒரே அளவு முளைத்திருக்கிறது, தடவினால் கூசுகிறது. அவள் தன் தலையை ஒரு முறை தடவுகிறாள், என் தலையை ஒரு முறை தடவுகிறாள், சிரிக்கிறாள். அந்த வீட்டுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்களாம், அப்பா சொன்னார். குடமும் ஒரு பாயும் போதும். சீப்பு இப்போதைக்கு வேண்டியதில்லை.

மைதிலி